மாத்திரையை நிறுத்தாதே, மகளே!



  இந்த இதழின் நலவாழ்வுப் பாடமாக, எங்கள் பிரசவப் பகுதியில் அடிக்கடி காணும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறோம். அது கர்ப்பகாலத்தில் தைராய்டு கோளாறு. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடும்படி இதை எழுதியிருக்கிறோம். ஆண்களும் வாசியுங்கள். வீட்டில் மருந்து வாங்கிக் கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதும் பெரும்பாலும் நீங்கள்தானே!

ஒரு சகோதரியின் கேள்வி

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். திருமணத்துக்கு முன்பே அவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். திருமணமாகி இரண்டாம் வருடம் கர்ப்பம் தரித்தார். வீடே சந்தோஷப்பட்டது. மாமியார் அன்போடு, "வயித்துல புள்ள இருக்கு. இந்தச் சமயத்துல எதுக்கும்மா இங்கிலீஷ் மாத்திரை? சூடு பண்ணிடும், விட்டுரு" என்றார். ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தந்தார், தைராய்டையும் சுகமாக்கிவிட்டார் என்று விசுவாசி" என்றார். சகோதரி மாத்திரையை நிறுத்திவிட்டார்.

பதினோராம் வாரத்தில் கரு கலைந்த நிலையில் எங்களிடம் வந்தார். இரத்தத்தைப் பரிசோதித்தபோது தைராய்டு குறைவு கடுமையாக இருந்தது. மறுநாள் காலை படுக்கையருகே நான் நின்றபோது அவர் கேட்ட கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை.

"டாக்டரம்மா, நான் மாத்திரையை விட்டதுனால போச்சா? இல்ல, என் விசுவாசம் பத்தாததுனால போச்சா?"

ஒரு கரு ஏன் கலைந்தது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தாயிடம் எந்தக் குறையும் இல்லாமலே பல கருக்கள் கலைகின்றன. அதை அவருக்குச் சொன்னேன். ஆனால் தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவும், குறைமாதப் பிரசவமும், இரத்தக் கொதிப்பும், எடை குறைந்த குழந்தையும் அதிகமாக நேரிடும் என்பதும் உண்மை. அதையும் மறைக்கவில்லை. அவருடைய கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இந்தப் பாடத்தின் முடிவில் வருவோம்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

தைராய்டு என்பது நம் தொண்டையின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்ததுபோல அமைந்திருக்கும் ஒரு சிறு சுரப்பி. வளர்ந்தவர்களில் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். நாம் சாப்பிடும் உணவிலுள்ள அயோடினை எடுத்து அது தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. இருதயத் துடிப்பு, உடல் சூடு, சோர்வு, சுறுசுறுப்பு, மாதவிடாய், மூளை வளர்ச்சி ஆகிய எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு மேற்பார்வையாளரைப் போன்றது. தைராக்சின் குறைந்தால், "இன்னும் செய், இன்னும் செய்" என்று டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்று பொருள். "டி.எஸ்.எச். ஏறியிருக்கிறதே, அப்படியானால் தைராய்டு அதிகம்தானே?" என்று பலர் குழம்புகிறார்கள். அது நேர் எதிர் என்பதை நினைவில் வையுங்கள்.

குறைவாகச் சுரந்தால் காணும் அடையாளங்கள்: சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு. இவற்றில் பல, கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாகவே வருகிறவை. அதனால் அடையாளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் ஒரு தைராய்டு சுரப்பி உருவாகிறது. ஆனால் அது ஏறக்குறைய 12-ஆம் வாரத்தில்தான் ஹார்மோன் செய்யத் தொடங்குகிறது. தனக்குப் போதுமான அளவைச் செய்ய ஏறக்குறைய 18 முதல் 20 வாரங்கள் ஆகிவிடும். அதுவரைக்கும் அந்தச் சிசுவின் மூளைக்கு வேண்டிய தைராக்சின் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே வருகிறது. மூளையின் அடித்தளம் போடப்படும் நாட்களும் இவைதான்.

இப்போது அந்த மாமியாரின் அன்பான ஆலோசனையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஆனால் பிள்ளைக்கு அது மிகவும் தேவைப்பட்ட வாரங்களில்தான் அது நின்றுபோயிற்று.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பகாலத்தில் தைராய்டு குறைவு இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளை, அவர்கள் 7 முதல் 9 வயதாயிருக்கும்போது சோதித்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படியே ஆகும் என்பதல்ல. லேசான குறைவு இருந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளில், மாத்திரையால் பிள்ளைகளின் அறிவுத்திறனில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே லேசான ஏற்றத்துக்கு மருத்துவர் நிதானித்து முடிவு செய்வார். பயப்பட வேண்டாம். ஆனால் தெளிவான குறைவுக்கு மாத்திரை அவசியம் என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு காரியம். கர்ப்பம் தரித்தவுடன் தாயின் உடலுக்கு வேண்டிய தைராக்சின் அளவு கூடுகிறது. சுரப்பி நலமாயிருக்கிறவர்களுக்கு அது தானாகவே கூட்டிக்கொள்ளும். மாத்திரையை நம்பியிருக்கிறவர்களுக்கோ, மாத்திரையின் அளவை ஏறக்குறைய கால் பங்கு முதல் பாதி வரை கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே நிறுத்துவது தவறு என்பது மட்டுமல்ல, பழைய அளவிலேயே இருப்பதும் பலருக்குப் போதாது.

மாத்திரை எப்படிப்பட்டது?

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். 46 வயதில் சாகும் நிலையிலிருந்த அப்பெண், அந்தச் சிகிச்சையால் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். பின்பு 1914-ல், கிறிஸ்துமஸ் தினத்தன்று, எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்தச் சுரப்பிக்குள் இருந்த தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் லீவோதைராக்சின் மாத்திரை, நம் சுரப்பி செய்கிற அதே பொருள்தான். உடம்புக்குப் புதிதான ஒன்றல்ல. இரத்தத்தில் குறைந்துபோனதை நிரப்புகிறோம், அவ்வளவே. கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இது பாதுகாப்பானது. விலையோ மிகக் குறைவு, ஒரு மாத்திரை சில ரூபாய்தான்.

சாப்பிடும் முறை

1. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்க வேண்டும். காப்பி, தேநீர், பால், சிற்றுண்டி எல்லாம் அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துத்தான். 

2. அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. அவை தைராக்சினைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு, மதியம் சாப்பாட்டுக்குப்பின் ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். "தினமும் தவறாமல் சாப்பிடுகிறேன், ஆனாலும் அளவு சரியாகவில்லையே" என்று வருகிற பலரிடம் நாங்கள் காணும் காரணம் இதுவே.

3. காலையில் வாந்தி அதிகமாயிருந்தால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

4. மாத்திரைப் புட்டியை நன்றாக மூடி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அடுப்படி ஜன்னல் அதற்கு ஏற்ற இடமல்ல.

5. மாத்திரை சாப்பிடுகிற பெண்கள், கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம், "மாதவிடாய் தள்ளிப்போனால் நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 7 மாத்திரை என்றிருப்பதை 9 ஆக்கிக்கொண்டு உடனே வரும்படி சில மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்புவதுண்டு. அப்படிச் செய்தால் அந்த முதல் வாரங்கள் வீணாகாது.

6. கர்ப்பத்தின் முதல் பாதியில் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறையும், பின்பு 30-ஆம் வாரத்தையொட்டி ஒருமுறையாவதும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேகவைத்து, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவில் சாப்பிட்டால் தவறில்லை. பத்தியம் பார்த்து உடம்பை வாட்டிக்கொள்ள வேண்டாம்.

அதிகமாகச் சுரந்தால்

சிலருக்குத் தைராய்டு அதிகமாக வேலை செய்யும். படபடப்பு, கைநடுக்கம், எடை குறைதல், அதிக வியர்வை, சிலருக்குக் கண்கள் துருத்திக்கொள்ளுதல் ஆகியவை அடையாளங்கள். இவர்களுக்கு மருந்தே வேறு. அந்த மருந்துகளில் சில, முதல் மூன்று மாதங்களில் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். ஆகவே இவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த அந்த வாரத்திலேயே வரவேண்டும். தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து, கேட்காமல் தொடருவதும் ஆபத்து. கதிரியக்க அயோடின் சிகிச்சை கர்ப்பகாலத்தில் கூடவே கூடாது.

கர்ப்பத்தின் ஆரம்பத்தில் மிகுந்த வாந்தியுள்ள சிலருக்கு டி.எஸ்.எச். தற்காலிகமாகக் குறைந்து காணப்படும். அது கர்ப்ப ஹார்மோனின் விளைவு. பெரும்பாலும் தைராய்டு மருந்தில்லாமலே சரியாகிவிடும்.

யார் பரிசோதிக்க வேண்டும்?

இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முன்பு தைராய்டு கோளாறோ கழுத்துக் கழலையோ இருந்தவர்கள், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், சர்க்கரை நோய் போன்றவை உள்ளவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், குழந்தைப்பேறு தாமதமானவர்கள், முன்பு கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ குழந்தை இறந்து பிறந்ததோ உள்ளவர்கள் ஆகியோர் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்யுங்கள். "மூன்று மாதம் முடியட்டும், பிறகு வெளியே சொல்லலாம்" என்று மறைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் நர்ஸுக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

உப்பில் இருக்கும் ஊழியம்

1956-ல் இமயமலை அடிவாரத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமியும் அவரோடிருந்தவர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்த பகுதிகளில் கழுத்துக் கழலை குறைந்தது. அதன் பலனாக 1962-ல் தேசியத் திட்டம் பிறந்தது. 2006 மே மாதம் முதல், அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் உப்பு விளையும் நம் தமிழ்நாட்டில், அயோடின் சேராத கல் உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இன்னும் பல உண்டு. இப்போது நாகரிகமாய்ப் பரவியிருக்கும் இந்துப்பிலும் அயோடின் போதாது.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பைக் கூடுதலாகத் தின்ன வேண்டியதில்லை. வழக்கமாகப் போடும் உப்பை அயோடின் உப்பாக மாற்றி, மூடிய ஜாடியில் வைத்தால் போதும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் தாயின் மாத்திரை பொதுவாகப் பழைய அளவுக்குத் திரும்பும். 6 வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். இதற்கு முன் தைராய்டே இல்லாத சிலருக்கும் பிரசவமான முதல் வருடத்தில் சுரப்பி வீங்கிக் கோளாறாகிறது. "பச்சை உடம்புக்காரி எப்போதும் அழுகிறாள், சோம்பேறியாய் இருக்கிறாள்" என்று குறை சொல்லுமுன் அவளைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

குழந்தைக்கும் ஒரு சோதனை உண்டு. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைவோடு பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. பிறந்த மூன்றாம் நாளையொட்டிக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் வளர்ந்து படிக்கும். மாதங்கள் கடந்துவிட்டால் இழந்ததை மீட்க முடியாது.

விசுவாசமும் மாத்திரையும்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா?

ஏசாயா 38-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டார், அவன் ஆயுசோடே பதினைந்து வருடம் கூட்டினார். இவ்வளவு தெளிவான வாக்குத்தத்தம் கிடைத்த பின்பும், அதே ஏசாயா அத்திப்பழத்தைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னதாக அங்கே எழுதியிருக்கிறது. ஜெபத்தைக் கேட்ட தேவன்தான் அத்திப்பழத்தையும் பயன்படுத்தினார். பவுல் தம்மோடு கூட வைத்திருந்த லூக்காவும் ஒரு வைத்தியன்தானே!

சுகமாக்கும் வல்லமை தேவனுக்கு உண்டு என்று எங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு காலையும் அறிக்கையிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். அவர் சுகமாக்கியிருந்தால் அது இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். அப்போது மருத்துவரே மாத்திரையைக் குறைத்து நிறுத்துவார். பரிசோதனை இல்லாமல் நிறுத்துகிறவள் தன் விசுவாசத்தை மட்டுமல்ல, இன்னும் பேசத் தெரியாத ஒரு பிள்ளையையும் பணயம் வைக்கிறாள். அப்படி நிறுத்தும்படி இன்னொருவருக்குச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் அதிகாரமில்லை.

அந்தச் சகோதரியிடம், "அம்மா, உன் விசுவாசத்தில் குறையில்லை. உனக்கு ஒருவரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. குறை எங்களுடையது" என்று சொன்னேன். அதனால்தான் இந்தப் பாடம்.

சபை என்ன செய்யலாம்?

தேவதூதனின் செய்தியைப் பெற்ற மரியாள், கர்ப்பத்தின் அந்த முதல் நாட்களில் மூத்தவளான எலிசபெத்தின் வீட்டுக்குப் போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று லூக்கா எழுதுகிறார். நாம் பேசுகிற பன்னிரண்டு வாரமும் அதுதான்! அந்த வாரங்களில் ஒரு பெண் முதலில் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. தாயிடமும் மாமியாரிடமும் போதகரம்மாவிடமும்தான் போகிறாள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, நாங்கள் பிறகு செய்யும் எல்லாவற்றையும்விட அதிகமாக உதவும்.

திருமண ஓலை வாசிக்கப்படும் நாட்களில் மணப்பெண்ணிடம் மூத்த சகோதரி ஒருவர் இதைத் தனியே பேசட்டும். மாமியார்மார் கூடும் இடத்தில் இந்தப் பாடத்தை வாசியுங்கள். பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் இல்லாமல் தள்ளிப்போடும் ஏழைக் கர்ப்பிணிகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு எங்கள் ஏழை நோயாளர் நிதி மூலமாக இப்படிப்பட்டவர்களின் பரிசோதனைக்கே போகிறது.

அந்தச் சகோதரி அடுத்த வருடம் மறுபடியும் கர்ப்பம் தரித்தார். மாதவிடாய் தள்ளிய ஐந்தாம் நாளே, நான் எழுதிக்கொடுத்திருந்த சீட்டோடு வந்துவிட்டார். கூட வந்தவர் அதே மாமியார். மாத்திரைப் புட்டி அவருடைய பையில்தான் இருந்தது. "இனிமே நான்தான் காலையில எழுப்பிக் குடுப்பேன், டாக்டரம்மா" என்றார். மாதம் நிறைந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குதிகால் இரத்தம் எடுத்தோம். எல்லாம் நலம். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.

கலந்துரையாட

1. கர்ப்பிணிகள் மருந்து சாப்பிடக்கூடாது என்ற எண்ணம் நம் ஊரில் எங்கிருந்து வருகிறது? எந்த மருந்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது?
2. நம் வீட்டு உப்பு ஜாடியில் இருப்பது அயோடின் உப்புதானா? உறையைப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.
3. சுகத்துக்காக ஜெபிக்கிற நாம், மருந்தைக் குறித்து என்ன சொல்லவேண்டும், என்ன சொல்லக்கூடாது?

ஜெபக் குறிப்புகள்

எங்கள் பிரசவப் பகுதியில் இருக்கும் தாய்மாருக்காகவும், கருவை இழந்து துக்கத்திலிருக்கும் சகோதரிகளுக்காகவும், கிராமங்களுக்குப் போய்வரும் நர்ஸ்களுக்காகவும், ஆய்வுக்கூட ஊழியருக்காகவும் ஜெபியுங்கள்.